ஐந்தாவது குழாய்

அன்றைக்கு இருந்தவர்கள் எட்டுப் பேர், சார். உங்கள் கணக்கெடுப்புத் தாளில் அதற்குக் கட்டம் இல்லை, பார்த்தேன். இருந்தாலும் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். சுவருக்கு இந்தப் பக்கம் ஆறு பேர். நான், என் வீட்டுக்காரி வேலம்மாள், மோட்டார் இறக்க வந்த ஃபிட்டர் மாடக்கண்ணு, அவரோடு கயிறு பிடிக்க வந்த ஆட்கள் இரண்டு பேர், கரண்ட் வேலைக்கு வந்த கிதியோன். அந்தப் பக்கம் இரண்டு பேர். ராஜகனி, அவள் வீட்டுக்காரர் சிவனணைந்தான். அவருக்கு ஒரு பக்கம் விழுந்து நான்கு வருடம் ஆகிறது. மோட்டார் இறங்குகிற சத்தத்தையாவது கேட்கட்டும் என்று கட்டிலோடு இழுத்துப் பின்வாசலில் போட்டிருந்தாள்.

நீங்கள் கேட்டது ஒரு வரிக் கேள்விதான். கிணற்றில் மோட்டார் எத்தனை அடியில் இருக்கிறது? நாற்பது. எழுதுங்கள். இல்லை, கொஞ்சம் பொறுங்கள், எழுதாதீர்கள். நீங்கள் இருபது நாளுக்கு முன்னால் வந்திருந்தால் அது ஐம்பதில் இருந்தது. அப்போதும் நான் உங்களிடம் நாற்பது என்றுதான் சொல்லியிருப்பேன்.

உட்காருங்கள். மோர் வரும்.

வரும்போது கிணற்றைப் பார்த்திருப்பீர்கள். பாதிதான் தெரியும். மறுபாதி சுவருக்கு அந்தப் பக்கம். இரண்டு வீட்டையும் ஒரே ஆள் கட்டி, அண்ணன் தம்பிக்குப் பிரித்துக் கொடுத்தபோது, கிணற்றின் நடுவில் கல்லைப் போட்டு அதன்மேல் சுவரை எழுப்பிவிட்டார்கள். எங்கள் பக்கம் ஒரு கப்பி, அவர்கள் பக்கம் ஒரு கப்பி. தண்ணீர் ஒன்றுதான். நாங்கள் இந்த வீட்டை வாங்கி முப்பத்தொரு வருடம். அவர்கள் அந்த வீட்டுக்கு வந்து இருபத்தெட்டு.

நான் பேசிப் பழகுகிற ஆள் இல்லை, சார். பெண்களிடம் அதிலும் இல்லை. பீடிக் கம்பெனியில் செக்கராக இருந்தேன். ஐந்தாம் வகுப்புதான் படிப்பு. எண்ணுவதற்கு அது போதும். பெண்கள் தட்டில் கொண்டுவருகிற பீடியை எண்ணி, சரியில்லாததைக் கழிக்க வேண்டும். கட்டுக்கு இருபத்தைந்து. குனிந்த தலை நிமிராமல் எண்ணுவேன். என்னிடம் சண்டை போடாத பெண் கிடையாது. "என்ன செக்கரே, கண்ணுல வெளக்கெண்ணெய விட்டுக்கிட்டா பாக்கீரு?" என்பார்கள். ராஜகனி மட்டும் ஒரு நாளும் கேட்டதில்லை. இருபத்திரண்டு வருடம் என்னிடம்தான் பீடி போட்டாள். நான் ஒன்பது கழித்தாலும் சரி, நாற்பது கழித்தாலும் சரி, "அண்ணாச்சி எண்ணுனா எண்ணுனதுதான்" என்று தட்டைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள். அது எனக்குப் பெருமையாக இருந்தது. இதை ஏன் சொல்லுகிறேன் என்றால், என் எண்ணிக்கை என்றால் இந்தத் தெருவில் ஒரு மதிப்பு உண்டு. உண்டு என்றா சொன்னேன்? இருந்தது.

போன வருடம் வேலம்மாளுக்கு இடுப்பில் ஆபரேஷன். எனக்கு முழங்கால். வாளி போட்டு இறைக்க ஆள் இல்லை. ஓசூரில் இருக்கிற என் மகன் ஒரு சப்மெர்சிபிள் மோட்டார் வாங்கிப் போடுங்கள் என்றான். பங்குக் கிணற்றில் ஒரு வீட்டுக்காரன் மட்டும் மோட்டார் போட்டால் மற்ற வீட்டுக்காரன் கதி என்ன? அதற்கு எங்கள் பக்கத்தில் ஒரு முறை உண்டு. மோட்டாரை அடிவரை விடக் கூடாது. பாதியில் தொங்கவிட வேண்டும். தண்ணீர் அதற்குக் கீழே போனால் மோட்டார் காற்றை இழுக்கும், நிறுத்திவிட வேண்டியதுதான். மிச்சத் தண்ணீர் வாளிக்கு. வாளி இரண்டு வீட்டுக்கும் பொது. எத்தனை குழாய் இறங்கியது என்பதை இறக்கி முடித்ததும் அடுத்த வீட்டுக்குச் சத்தமாகச் சொல்ல வேண்டும். எழுத்து ஒன்றும் கிடையாது, சொன்ன சொல்தான்.

நான் ஞாயிற்றுக்கிழமை போய்ச் சொன்னேன். வாசலில் நின்றுதான் சொன்னேன், உள்ளே போகவில்லை. கிணறு மேலிருந்து அடிவரை வளையம் வளையமாக ஐம்பத்தாறு உறை. ஒரு உறை ஓரடி. பத்தடிக் குழாய் நான்கு இறக்கினால் நாற்பது. மோட்டார் இரண்டடி. ஆக நாற்பத்திரண்டு. அடியில் பதினான்கு உறைத் தண்ணீர் வாளிக்கு நிற்கும். விரல் விட்டுச் சொன்னேன்.

"எங்களால மோட்டாரு வாங்க முடியாது அண்ணாச்சி," என்றாள். "இந்த மனுசனுக்குத் துணி அலசவும் உடம்பு தொடைக்கவும் ஒரு நாளைக்குப் பதினாலு கொடம் வேணும். அதுக்கு மோசம் வராட்டிச் சரி."

"வராது, தங்கச்சி."

உள்ளேயிருந்து சிவனணைந்தான், "மச்சான் சொல்லுதாருன்னா பொறவு என்ன?" என்றார். வாய் ஒரு பக்கம் இழுத்திருப்பதால் அவர் பேசுவது மெதுவாகத்தான் வரும். அவ்வளவும் சொல்லி முடிக்கிறவரை நான் நின்றேன்.

தை மாதம் பன்னிரண்டாம் தேதி மாடக்கண்ணு வந்தார். நான் ஐந்து குழாய் வாங்கிப் போட்டிருந்தேன். நான்கு கிணற்றுக்குள். ஐந்தாவது, கிணற்றின் வாயிலிருந்து மாடித் தொட்டிக்குப் போகிற வழிக்கு. அளந்துதான் வாங்கினேன். ஆனால் மாடக்கண்ணு பழைய வீட்டு வேலை ஒன்றில் மிஞ்சிய துண்டுகளைக் கொண்டுவந்திருந்தார். தொட்டிக்கு அதுவே போதுமானதாக இருந்தது. ஆக ஒரு குழாய் மிஞ்சிவிட்டது. அளவில் தப்பு என்னுடையது இல்லை.

முதலில் மோட்டாரோடு ஒரு குழாயை முடுக்கி இறக்கினார்கள். அதன் தலையில் கிளாம்ப் போட்டு நிறுத்தி, அடுத்ததை முடுக்கினார்கள். இரண்டு ஆட்களும் நைலான் கயிற்றைப் பிடித்திருந்தார்கள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. நான் எண்ணிக்கொண்டு நின்றேன். நான்காவது இறங்கியதும் மாடக்கண்ணு மிஞ்சிக் கிடந்ததைப் பார்த்தார்.

"அண்ணாச்சி, இது சும்மா கெடக்கு. வெயில்ல கெடந்தா வெடிச்சுப் போவும். இதையும் விட்டுருவமா?"

நான் குனிந்து அந்தக் குழாயைப் பார்த்தேன்.

"கோடையில தண்ணி எறங்கும். மோட்டாரு காத்தை இழுத்துச்சுன்னா காயிலு எரிஞ்சு போவும். பொறவு என்னைக் கூப்பிட்டா மறுபடி ஆளு, மறுபடி கயிறு. இப்பன்னா ஒரே வேலை. என்ன சொல்லுதிய?"

நான் ஒன்றும் சொல்லவில்லை, சார். இதை நீங்கள் நன்றாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். சரி என்று என் வாயிலிருந்து வரவில்லை. அத்தனை பேர் நிற்கிற இடத்தில் எனக்குப் பேச்சு வராது. தலையை ஆட்டினேனா என்று கேட்டால், எனக்கு நினைவில்லை. ஆட்டினதாக வேலம்மாள் சொல்கிறாள். அவள் அடுப்பங்கரை வாசலில் நின்றாள், அங்கேயிருந்து பார்த்தால் என் பின்தலைதான் தெரியும்.

ஐந்தாவதை முடுக்கினார்கள். அந்த நேரம் பார்த்துக் கிதியோன் சுவிட்சுப் பெட்டிக்குச் சுவரில் துளை போட்டுக்கொண்டிருந்தார். அந்த மெஷின் சத்தத்தில் அந்தப் பக்கம் ஒன்றும் கேட்டிருக்காது. மெஷின் நின்றது. ராஜகனி கேட்டாள்.

"முடிஞ்சுதா அண்ணாச்சி? எத்தனை?"

"நாலு," என்றேன்.

ஒரு வாரமாக நாலு நாலு என்று சொல்லிக்கொண்டே இருந்ததில் அதுதான் வாயில் இருந்தது. வேண்டுமென்று சொன்னதில்லை. வந்துவிட்டது. வந்த பிறகு, அத்தனை பேர் முன்னால் அதை எப்படி மாற்றுவது? இந்தப் பக்கம் என்னைத் தவிர ஐந்து பேர் கேட்டார்கள். ஐந்து பேரும் வாயைத் திறக்கவில்லை. மாடக்கண்ணு மட்டும் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே, "செக்கர் கணக்குன்னா கணக்குதான்" என்றார். கயிறு பிடித்தவர்களில் ஒருவர் சிரித்தார்.

அந்தப் பக்கமிருந்து ராஜகனி வெல்லம் கலந்த அவல் கொடுத்தாள். புது மோட்டார் அல்லவா. ஆறு பேருக்கு ஆறு இலைத் துண்டு, சுவருக்கு மேலே ஒவ்வொன்றாக நீட்டினாள். எனக்கு வந்ததை நான் தின்றேன்.

தையிலும் மாசியிலும் ஒரு தொந்தரவும் இல்லை. கிணற்றில் முப்பத்தொரு உறைத் தண்ணீர் நின்றது. எனக்கு ஒரு யோசனை இருந்தது. குழாய் ஐந்தாக இருந்தால் என்ன? சுவிட்சு என் கையில்தானே இருக்கிறது? தண்ணீர் பதினான்கு உறைக்கு வந்ததும் நான் நிறுத்திவிட்டால், நான்கு குழாய் போட்டதும் ஐந்து போட்டதும் ஒன்றுதான். கணக்குப்படி அது சரி. நீங்களே போட்டுப் பாருங்கள்.

பங்குனி ஐந்தாம் தேதி பதினான்கு உறைக்கு வந்தது. நிறுத்தினேன். எட்டு நாள் நிறுத்தி வைத்திருந்தேன், சார். இந்த முழங்காலை வைத்துக்கொண்டு வாளி போட்டு இறைத்தேன். ஒன்பதாம் நாள் மகன் குடும்பத்தோடு வந்தான். நான்கு பேர். குளிக்க வேண்டும். நான்கு நிமிடம் போட்டேன். கடிகாரத்தைப் பார்த்து நான்கு நிமிடம். மறுநாள் ஆறு நிமிடம். அவர்கள் போன பிறகு வேலம்மாள் துணி நனைக்க ஐந்து நிமிடம். இடுப்பில் ஆபரேஷன் செய்த பெண்ணை வாளி இழுக்கச் சொல்ல முடியுமா? பிறகு நான் நிமிடத்தை எண்ணுவதை விட்டுவிட்டு உறையை எண்ண ஆரம்பித்தேன். பதின்மூன்று. பதினொன்று. ஒன்பது.

அவளுடைய கப்பியின் சத்தம் எனக்கு மனப்பாடம். ஒரு இழுப்புக்கு ஒரு கீச்சு. தையில் ஒரு வாளி மேலே வர பதினேழு கீச்சு. பங்குனியில் இருபத்தைந்து. பிறகு கீச்சுக்கு நடுவில் ஒரு 'டக்' கேட்டது. கயிறு எட்டாமல் இன்னொரு கயிற்றை முடிந்திருக்கிறாள், முடிச்சு கப்பியில் ஏறி இறங்குகிறது. நான் இந்தப் பக்கம் பல் தேய்த்துக்கொண்டு நின்று எண்ணுவேன். பங்குனிக் கடைசியில் ஒரு வாளிக்கு இரண்டு 'டக்'.

ஒரு நாள் சுவருக்கு அப்பாலிருந்தே பேசினாள். "இந்த வருசம் ஊத்து மோசம், என்ன அண்ணாச்சி? வாளியில சேறுதான் வருது. ரெண்டு தடவை தெளிய வச்சு ஊத்துதேன்."

"ஆமா தங்கச்சி," என்றேன். "எல்லா இடத்துலயும் அப்படித்தான் சொல்லுதாவ."

"உங்க மோட்டாரு நின்னுபோயிருக்குமே. அக்காவுக்கு இடுப்பு வேற. ரெண்டு கொடம் நான் இறைச்சுச் சுவத்து மேல வைக்கட்டா?"

வேண்டாம் என்றேன். அதை மட்டும் உடனே சொல்லிவிட்டேன்.

சித்திரை மூன்றாம் தேதி. காலை ஏழு இருபது. தண்ணீர் ஆறு உறை. அவள் வாளியை விட்டாள். வழக்கமாகக் கேட்கிற 'சளக்' கேட்கவில்லை. 'டங்' என்று கேட்டது. இரும்பு மேல் தகரம். அந்த வாளி மோட்டார் தலையில் விழுந்திருக்கிறது. நாற்பதடியில் தொங்க வேண்டிய மோட்டார், ஐம்பதடியில்.

கப்பி நின்றது. பிறகு வாளியைக் கொஞ்சம் தூக்கி மறுபடி விட்டாள். 'டங்'.

நான் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு சுவரோரம் நின்றிருந்தேன். எனக்கும் அவளுக்கும் நடுவில் ஒன்பது அங்குலச் சுவர். அவள் கயிற்றை வெளியே இழுத்தாள். கையை விரித்து அளக்க ஆரம்பித்தாள். வாய்விட்டு எண்ணினாள். பெரிய சத்தமில்லை. பீடித் தட்டுக்கு முன்னால் நான் எண்ணுவது போலவே, ஐந்தைந்தாகச் சேர்த்து நிறுத்தி நிறுத்தி எண்ணினாள். அப்படி எண்ணுவதை அவள் என்னிடம்தான் கேட்டுப் பழகியிருக்க வேண்டும். முடித்துவிட்டுச் சொன்னாள்.

"அண்ணாச்சி, அங்கதான் நிக்கிய, தெரியும். நாலா, அஞ்சா?"

நான் கையிலிருந்த துண்டை மடித்தேன்.

அடுப்பங்கரையிலிருந்து வேலம்மாள், "கேக்காங்கல்லா, வாயத் தொறந்து சொல்லுங்களேன்," என்றாள். நான் அவளைப் பார்த்துக் கையைக் காட்டி அடக்கினேன்.

அந்தப் பக்கம் ராஜகனி கொஞ்ச நேரம் காத்திருந்தாள். எவ்வளவு நேரம் என்று நான் எண்ணவில்லை. நான் எண்ணாமல் விட்டது அது ஒன்றுதான். பிறகு சொன்னாள். சத்தம் போடவில்லை, சார். சத்தம் போட்டிருந்தால் நானும் ஏதாவது சொல்லியிருப்பேன்.

"இருபத்திரண்டு வருசம் நீங்க கழிச்சதெல்லாம் கழிவுன்னுதான் வீட்டுக்குப் போனேன். ஒத்தக் கட்டை அவுத்து எண்ணிப் பாத்ததில்ல. பாத்திருக்கணும் போல."

அது சரியில்லை, சார். பீடியில் நான் ஒரு பீடி தப்பாக எண்ணியதில்லை. எந்தக் கோவிலில் வேண்டுமானாலும் சூடம் அணைத்துச் சொல்வேன். மோட்டாரைப் பற்றி என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும், பீடியை இழுத்தது எனக்குப் பொறுக்கவில்லை. அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. வேலம்மாள் என்னைப் பார்த்து, "அதுக்கா சோறு இறங்கல?" என்று கேட்டாள். கேட்டுவிட்டுச் சட்டியைக் கழுவப் போய்விட்டாள்.

மறுநாள் கப்பி சத்தம் இல்லை. தெருமுனையில் ஒரு அடிபம்பு இருக்கிறது. அவள் வாசலிலிருந்து இருநூற்றுப் பன்னிரண்டு காலடி. இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று, ஒரு நடைக்கு இரண்டு குடம். ஏழு நடை. பதினான்கு குடம். அவளுக்கு அறுபத்து மூன்று வயது. நான் ஜன்னலைச் சாத்தி வைத்தேன். சாத்தினாலும் குடத்தை அவள் வாசலில் இறக்கி வைக்கிற சத்தம் கேட்கும்.

எட்டு நாள் அதைக் கேட்டேன். பிறகு மாடக்கண்ணுவுக்குப் போன் போட்டேன். சித்திரை பதினொன்று. "என்ன அண்ணாச்சி, எறக்குனதை ஏத்தச் சொல்லுதிய?" என்று சிரித்தார். மேல் குழாய் ஒன்றைக் கழற்றி மோட்டாரைப் பத்தடி உயர்த்த ஒரு மணி நேரம் கூட ஆகவில்லை. முடிந்ததும் நான் சுவரைப் பார்த்து நின்று, "நாலு!" என்று கத்தினேன். என் வாழ்நாளில் அவ்வளவு சத்தமாகப் பேசியதில்லை. மாடக்கண்ணு திடுக்கிட்டு, "ஏலமா விடுதிய அண்ணாச்சி?" என்றார்.

அந்தப் பக்கம் பின்கதவு சாத்தியிருந்தது. உள்ளேயிருந்து சிவனணைந்தான் குரல் மட்டும் மெதுவாக வந்தது. "மச்சான்... கேட்டுச்சு."

"பேசாம கெடங்க," என்றாள் ராஜகனி.

அவ்வளவுதான். வேறு என்ன செய்ய முடியும், சொல்லுங்கள்? தப்பு ஒரு குழாய். அந்தக் குழாயை எடுத்துவிட்டேன். இப்போது சொன்னதும் இருப்பதும் ஒன்று. நேரில் போய்ச் சொல்லுங்கள் என்கிறாள் வேலம்மாள். போகாமல் இல்லை. என் வாசலிலிருந்து அவர்கள் வாசலுக்குப் பத்தொன்பது காலடி. இரண்டு தடவை பதினொன்று வரைக்கும் போய்விட்டேன். அங்கே அவர்கள் ஜன்னல் வந்துவிடுகிறது.

பிறகு யோசித்தேன். மோட்டாரைத் தூக்கிவிட்டேன், சரி. ஆனால் கிணற்றில் ஆறு உறைதானே கிடக்கிறது? பதினான்கு என்றல்லவா சொன்னேன். வெறுங்கையோடு போய் என்ன சொல்வது? பதினான்கு நின்ற பிறகு போகலாம். அதற்காகத்தான் இன்றுவரை நாங்களும் வாளி போடவில்லை. மோட்டாருக்குத் தண்ணீர் எட்டாது, சுவிட்சை நான் தொடுவதும் இல்லை. குளியல், துணி, சமையல் எல்லாம் தெருக் குழாய்த் தண்ணீரில். நான்தான் தூக்குகிறேன். அடிபம்புக்கு நான் போவதில்லை, அங்கே அவள் வருவாள். கோடை மழை இரண்டு பெய்தது. ஊற்று மெதுவாகச் சுரக்கிறது. தினமும் காலையில் கண்ணாடியை வெயிலில் பிடித்து உள்ளே வெளிச்சம் அடித்துப் பார்ப்பேன். ஏழு. எட்டரை. பத்து. முந்தாநாள் பதின்மூன்று.

நீங்கள் அடுத்து அந்த வீட்டுக்குத்தானே போவீர்கள்? ஒரு உதவி செய்ய வேண்டும், சார். நானாகச் சொல்வதை விட, கையில் தாள் வைத்திருக்கிற நீங்கள் சொன்னால் எடுபடும். கேள்வி கேட்கிறது போலவே சொல்லிவிடுங்கள். பக்கத்து வீட்டு மோட்டார் நாற்பதடியில்தான் இருக்கிறது, நாலு குழாய்தான், நானே பார்த்தேன் என்று. வந்து பாருங்கள், எண்ணிப் பார்த்துவிட்டே போய்ச் சொல்லுங்கள்.

என்ன? போய்விட்டுத்தான் வருகிறீர்களா? முதலில் அங்கேயா?

என்ன சொன்னாள்?

அந்தத் தாளைக் கொஞ்சம் காட்டுங்கள். கண்ணாடி இல்லாமலே தெரியும், காட்டுங்கள். ராஜகனி, கணவர் பெயர் சிவனணைந்தான், வீட்டில் இருப்பவர்கள் இரண்டு. சரி. குடிநீர், தெருக் குழாய். சரி. இது என்ன கட்டம்? கிணறு.

'இல்லை' என்றா சொன்னாள்?

நீங்கள் பின்பக்கம் போய்ப் பார்க்கவில்லையா? பாதிக் கிணறு அந்த முற்றத்தில்தானே இருக்கிறது? தகரத்தைப் போட்டு மூடிக் கல் வைத்திருக்கிறாளா. எத்தனை கல்? சரி, அது போகட்டும்.

வேண்டாம், சார். அந்த 'இல்லை'யை அடிக்காதீர்கள். அவள் சொன்னபடியே இருக்கட்டும். அந்தத் தாளில் நான் கை வைக்கச் சொல்ல மாட்டேன்.

என்னுடையதை எழுதுங்கள். கிணறு, ஒன்று. ஆழம், ஐம்பத்தாறு. மோட்டார், நாற்பதில். கீழே தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று ஒரு கட்டம் இருக்கிறதே, அதையும் எழுதுங்கள். காலையில் பார்த்தேன். நம்பாமல் வேலம்மாளையும் கூப்பிட்டு எண்ணச் சொன்னேன், அவளுக்கும் அதேதான் வந்தது. பதினான்கு உறை.